நாலு மெஷினும் நின்னப்போ

ஜூன் 3

அக்காவுக்கு,

ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு இவ எதுக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பறான்னு நினைப்பே. உன்கூட ஃபோன்ல பேச எனக்கு இஷ்டமில்ல. ஞாயித்துக்கிழமையிலிருந்து நீ கூப்பிட்டுக்கிட்டே இருக்கறது தெரியுது. எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியது இருந்தா எழுது.

சனிக்கிழமை ஜன்னல் திரை வாங்கிக்க உன் கடைக்கு வந்தேன். நீ பாங்க்குக்குப் போயிருந்தே. பட்டன் தைக்கிற அக்கா என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வச்சாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கவலைப்படாதேம்மா. மேல ஏறினா கை நடுங்கறதெல்லாம் ஒரு வியாதியே இல்ல. என் தம்பிக்கும் இருந்துச்சு, தானா சரியாயிடுச்சு"ன்னாங்க. யாரைச் சொல்றாங்கன்னு நான் முழிச்சேன். அப்போ கட்டிங் மாஸ்டர் துணியிலிருந்து தலையைக்கூடத் தூக்காம, "அதான் ஆறாவது மாடி வரைக்கும் வந்துட்டார்ல, இனி என்ன"ன்னார்.

அக்கா, அந்த ஆறாவது மாடி மூணு பேருக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரருக்கு, எனக்கு, உனக்கு.

பதினஞ்சு வருஷமா லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன் அவர். ஜனவரியில ஒரு கட்டிடத்துல லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை செய்யும்போது அது சடார்னு ஒரு முழம் இறங்கி நின்னுச்சு. விழல, அடிபடல. ஆனா அதுக்கப்புறம் கூண்டு மேல கால் வச்சாலே அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. வீட்டுக்கு வந்து என்கிட்ட மட்டும் சொன்னார். எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல தனியா ஏறி நின்னு, ஒவ்வொரு மாடியாப் பழகிக்கிட்டு வந்தார். நான் இதை மனசுல வச்சுக்க முடியாம உன்கிட்ட சொன்னேன். சொல்லும்போதே "உன்னோட இருக்கட்டும்"னும் சொன்னேன்.

திங்கட்கிழமை அவரை ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. சூப்பர்வைசர் தோளைத் தட்டி, "கொஞ்ச நாள் கீழேயே இருப்பா, உடம்புதான் முக்கியம்"னாராம். அந்த சூப்பர்வைசர் வீட்டம்மா உன்கிட்டதான் துணி தைக்கக் குடுக்கறாங்க. அவருக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான், அது போயிடுச்சு.

யார்கிட்ட சொன்னே? எப்போ சொன்னே? எனக்குத் தெரிஞ்சாகணும்.

தங்கச்சி

ஜூன் 6

அடியே குட்டி,

தபால்காரர் கவரைக் குடுத்துட்டு, "ஏதாவது கோர்ட் நோட்டீஸாம்மா?"ன்னு கேட்டார். பிரிச்சுப் படிச்சதும் கோர்ட் நோட்டீஸே தேவலைன்னு தோணுச்சு. நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறவ, கூடப் பிறந்தவளை இப்படியா குறுக்கு விசாரணை பண்ணுவே?

நான் யார்கிட்டேயும் ஒரு வார்த்தை சொல்லல. அம்மா மேல சத்தியம். நம்பினா நம்பு, நம்பாட்டி போ.

நீ மத்தியானம் கூப்பிடற நேரத்துல என் நிலைமை உனக்குத் தெரியுமா? பள்ளிக்கூட யூனிபார்ம் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். ரெண்டு கையும் துணி மேல இருக்கும், ஒரு கையை எடுத்தா தையல் கோணிக்கும். முன்னெல்லாம் ஃபோனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசி, கழுத்துப் பிடிச்சுக்கிட்டு, ஒரு வாரம் பொம்மை மாதிரி உடம்போட திரும்பினேனே, மறந்துட்டியா? அதிலிருந்து மெஷின் பலகை மேல வச்சு ஸ்பீக்கர்ல போட்டுடறேன். நாலு வருஷமா அப்படித்தான். நீ பேசறது பக்கத்துல இருக்கறவங்க காதுல விழுந்தா நான் என்ன பண்ணட்டும்? காதுல பஞ்சு வச்சுக்கிட்டு தைங்கன்னு சொல்லவா?

அவங்களும் ஒண்ணும் அந்நியம் இல்ல. ஒரு நாள் நீ கூப்பிடலேன்னா மாஸ்டர், "தங்கச்சிக்கு என்னாச்சு, ஃபோன் வரலையே"ன்னு பதறிடுவார். மாப்பிள்ளை மூணாவது மாடி தாண்டின அன்னிக்கு பட்டன் அக்கா எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாங்கடி. உனக்காகச் சந்தோஷப்பட இத்தனை பேர் இருக்காங்கன்னு நினைச்சுக்கோயேன்.

நீ அதைச் சொன்ன அன்னிக்கு சூப்பர்வைசர் வீட்டம்மா அளவு குடுக்க திரைக்குப் பின்னாடி நின்னது எனக்கு ஞாபகமே இல்ல. அதுக்கு என்ன செய்ய முடியும்? சுவருக்கும் காது இருக்குன்னு சும்மாவா சொன்னாங்க.

கோபத்தைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு நாளைக்கு மத்தியானம் கூப்பிடு.

அக்கா

ஜூன் 10

அக்கா,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். ஒரு எடத்துலயாவது "தப்புதான்"னு எழுதியிருக்கியான்னு தேடிப் பார்த்தேன். டீ வாங்கிக் குடுத்ததுதான் இருந்துச்சு.

நாலு வருஷம்! என் மாமியார் கூட சண்டை போட்டு நான் பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதது, நான் வேலை பார்க்கிற கிளினிக்ல பல் டாக்டர் என்னை எல்லார் முன்னாடியும் முட்டாள்னது, அவரும் நானும் ஒரு மாசம் பேசிக்காம இருந்தது, ஏன் பேசிக்காம இருந்தோம்ங்கறது. எல்லாத்தையும் கட்டிங் மாஸ்டர் கேட்டிருக்கார். நான் உன் கடைக்கு வரும்போதெல்லாம் அவர் அவ்வளவு மரியாதையா எழுந்து நிப்பார். நல்ல மனுஷன்னு நினைச்சேன்.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் என்னைக் கொல்லுது. நான் பேசும்போது பின்னாடி மெஷின் சத்தம் கடகடன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். முக்கியமான விஷயத்துக்கு வந்ததும் சத்தம் நின்னுடும். நாலு வருஷமா நான் என்ன நினைச்சேன் தெரியுமா? "என் அக்கா எனக்காக வேலையை நிறுத்திட்டுக் கேக்கறா"ன்னு. அப்படி நினைச்சு எத்தனை நாள் கண் கலங்கியிருக்கேன். அது நாலு பேர் நாலு மெஷினை நிறுத்திட்டுக் கதை கேட்ட அமைதி. சீ, எவ்வளவு கேவலமா இருக்கு.

அவர் கேட்டார், "உங்க அக்காகிட்ட சொன்னியா?"ன்னு. ஆமான்னேன். சாப்பிட்டார், தட்டைக் கழுவி வச்சார், போய்ப் படுத்தார். அதிலிருந்து "குழாய் ஒழுகுது", "கேஸ் தீரப்போகுது", இவ்வளவுதான் எங்க வீட்டுப் பேச்சு.

இப்போ மத்தியானம் ஃபோனை மேஜை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டு கிளினிக் பின்படிக்கட்டுல உட்கார்ந்து சாப்பிடறேன். முதல் ரெண்டு நாள் கை தேடுச்சு. குடும்ப குரூப்பிலிருந்து வெளியே வந்துட்டேன், அம்மாகிட்ட ஃபோன் பழுதுன்னு சொல்லியிருக்கேன். பஸ் உன் கடை வழியாப் போகும்ல, அதுக்கு முந்தின ஸ்டாப்ல இறங்கி மார்க்கெட்டுக்குப் பின்னாடி நடந்து வீட்டுக்குப் போறேன். சின்னச் சின்ன விஷயம்தான். ஆனா அதனாலதான் இந்த வாரம் என்னால தூங்க முடிஞ்சுது.

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதைச் சரிபண்ணறேன்னு கிளம்பிடாதே. யார்கிட்டேயும் எதுவும் பேசாதே. அவர் வேலையை அவர் பார்த்துக்குவார். நீ சும்மா இருந்தாலே போதும்.

தங்கச்சி

ஜூன் 13

குட்டி,

நல்லா எழுதியிருக்கே. பல் டாக்டர்கிட்ட வேலை பார்த்துப் பார்த்து உனக்கும் ஊசி குத்தறது கை வந்துடுச்சு.

சரி, என் தப்புதான். எழுதிட்டேன், பார்த்துக்கோ. இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். மாப்பிள்ளை உன்கிட்ட, "யார்கிட்டேயும் சொல்லாதே"ன்னாரா இல்லையா? "அக்காவைத் தவிர"ன்னு சொன்னாரா? அவர் வாயிலிருந்து உன் காதுக்கு வந்தது, உன் வாயிலிருந்துதான் என் கடைக்கு வந்துச்சு. நான் ஸ்பீக்கர் போட்டது குத்தம்னா, நீ வாயைத் திறந்தது என்ன?

இன்னும் கேளு. நாலு வருஷமா தினமும் கூப்பிட்டியே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அக்கா, நீ சாப்பிட்டியா"ன்னு கேட்டிருக்கியா? உங்க மாமா வருஷத்துல பாதி நாள் கப்பல்ல. வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல. முழங்கால் வீங்கி, பெடலை மிதிக்க முடியாம, போன மழைக்காலம் முழுக்க இடது காலாலேயே தைச்சேன். உனக்குத் தெரியுமா? மாஸ்டருக்குத் தெரியும். பட்டன் அக்காவுக்குத் தெரியும். அவங்கதான் எண்ணெய் வாங்கிட்டு வந்து தேய்ச்சு விட்டாங்க. அவங்க இருக்கற எடத்துல உன் பேச்சை மறைச்சு வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. சொன்னா உனக்குப் புரியாது.

அதெல்லாம் இருக்கட்டும். மாப்பிள்ளை வேலை விஷயமா இனி நீ கவலைப்பட வேண்டாம். சூப்பர்வைசர் வீட்டம்மா நேத்து துணி வாங்க வந்தாங்க. பேச வேண்டிய விதமாப் பேசி முடிச்சுட்டேன். எப்படின்னு கேக்காதே. நாலு நாள்ல அவர் பழைய வேலைக்குப் போயிடுவார், பார். அப்போ அக்கா ஞாபகம் வரும்.

உன் அக்கா

ஜூன் 20

சும்மா இருன்னு சொன்னேன். அது ஒண்ணுதான் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவரைத் திரும்ப லிஃப்ட் வேலைக்குக் கூப்பிட்டாங்க. விஷயம் தெரியாம நான் முட்டாள்தனமா சந்தோஷப்பட்டேன். அவர் சட்டையைக் கழட்டாமலே நாற்காலியில உட்கார்ந்து, சூப்பர்வைசர் சொன்னதை அப்படியே சொன்னார். "உனக்கு ஒண்ணும் இல்லையாமேப்பா. உன் வீட்டம்மாவுக்குத்தான் கொஞ்சம் கற்பனை ஜாஸ்தியாம். சின்ன வயசிலிருந்தே இல்லாததை இருக்கறதா சொல்லி அழுவாங்களாம். அவங்க சொந்த அக்காவே சொன்னாங்களாம்."

சொந்த அக்காவே!

சின்ன வயசுல நான் எப்போ இல்லாததைச் சொன்னேன்? பக்கத்து வீட்டு ஆள் நம்ம மாடிக் கதவைத் திறந்து பார்க்கறான்னு சொன்னேன், யாரும் நம்பல. அப்புறம் நீயே உன் கண்ணால பார்த்தே. அம்மாகிட்ட எனக்காகச் சண்டை போட்டியே, "அவ பொய் சொல்லவே மாட்டா"ன்னு. அந்த வாய்தானே இது?

கிளினிக்ல வர்றவங்கள்ல ஒருத்தர் சூப்பர்வைசர் வீட்டுக்குப் பக்கத்து வீடு. நேத்து அவருக்கு டோக்கன் குடுக்கும்போது என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். இனிமே இந்த ஊர்ல எனக்கு வயித்து வலின்னு நான் சொன்னாக்கூட, "அப்படியா, பாவம்"னு சிரிப்பாங்க.

அதுகூடப் போகட்டும். அவரை எங்கே அனுப்பியிருக்காங்க தெரியுமா? ஊர் எல்லையில புதுசாக் கட்டியிருக்கற ஆஸ்பத்திரிக்கு. பன்னண்டு மாடி. அவர் இன்னும் ஏழாவது மாடிக்கே ஏறிப் பழகல. நடுங்குதுன்னு இப்போ அவரால வாயைத் திறக்க முடியாது. திறந்தா, "என்னப்பா, உனக்கும் கற்பனையா?"ன்னு கேப்பாங்க. தினமும் காலையில ஒண்ணும் சாப்பிடாம போறார். சாப்பிட்டா மேல போனதும் வாந்தி வருதாம். கிளினிக் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அவரைப் பத்தின சேதியோன்னுதான் எடுக்கறேன். நான் ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கேன் அக்கா, அது நாள் பூரா அடிக்கிற ஃபோன்.

அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னை நான் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். இதை நல்லா மனசுல வச்சுக்கோ.

ஜூன் 22

குட்டி,

காலையில வந்தேன். கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிஞ்சுது, வாசல்ல உன் செருப்பு இருந்துச்சு. நீ திறக்கல. பரவாயில்ல. அதனால கீழே கடையில பேப்பர் வாங்கி பஸ் ஸ்டாப்ல உட்கார்ந்து எழுதறேன், கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போறேன்.

பன்னண்டு மாடின்னு எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது.

அந்தம்மா வந்து, "உங்க மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கு"ன்னு இளிச்சுக்கிட்டே கேட்டாங்க. அவங்க பின்னாடி இன்னும் ரெண்டு பேர். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. எப்படியாவது அந்தப் பேச்சை அடைக்கணும்னு வாயில முதல்ல வந்ததைச் சொல்லிட்டேன். உன் பேர் கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்ல, அவர் வேலை திரும்பினா நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன். என் பேரைக் குடுத்திருக்கணும். "நான்தான் கதை கட்டினேன்"னு சொல்லியிருக்கலாம். அது எனக்கு அந்த நேரத்துல தோணல. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தப்போதான் தோணுச்சு. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கறதே என் பொழப்பாப் போச்சு.

நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிடறேன். நீ சொல்லாம இந்தத் தடவை ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.

அவரை ஒரு நாள் லீவு போடச் சொல்லு. உடம்பு சரியில்லன்னு சொல்லச் சொல்லு. உன் கால்ல விழறேன்.

அக்கா

ஜூன் 29

அக்கா,

போக வேண்டாம். அவர் சொல்லிட்டார்.

நீ கதவைத் தட்டினப்போ நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுக்கிட்டு இருந்தேன். திறந்திருந்தா ஒண்ணு உன்னை அடிச்சிருப்பேன், இல்ல உன் தோள்ல விழுந்து அழுதிருப்பேன். ரெண்டுமே வேண்டாம்னுதான் திறக்கல.

புதன்கிழமை பத்தாவது மாடியில கூண்டு மேல நிக்கும்போது அவர் கையிலிருந்து ஸ்பானர் நழுவிடுச்சு. கீழே லிஃப்ட் குழியில ஒருத்தர் வேலை பார்த்துக்கிட்டு இருந்தார். ஸ்பானர் அவருக்குத் தள்ளி விழுந்துச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா இவர் உடனே லிஃப்டை நிறுத்திட்டு, உள்ளே ஏறாம, பத்து மாடியும் படியில இறங்கி வந்திருக்கார். சூப்பர்வைசர் முன்னாடி, கூட வேலை செய்யறவங்க எல்லார் முன்னாடியும் நின்னு, "என் வீட்டுக்காரி பொய் சொல்லல. எனக்கு மேல போனா கை நடுங்குது. இன்னிக்கு ஒரு உயிர் போயிருக்கும்"னு சொல்லிட்டார்.

சில பேர் சிரிச்சாங்களாம். குழியில இருந்த ஆள் மட்டும் வந்து பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டாராம். இப்போ அவரைக் கதவு மோட்டார் பழுது பார்க்கிற பட்டறைக்கு மாத்தியிருக்காங்க. பட்டறையில அவருக்கு ஒரு பேரும் வச்சாச்சு, "கிரவுண்ட் ஃப்ளோர்". "கிரவுண்ட் ஃப்ளோர் டீ குடிச்சாச்சா?"ன்னு கேக்கறாங்களாம். அதைச் சொல்லும்போது அவரே லேசா சிரிச்சார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சார். திரும்ப மேல போவாரான்னு தெரியல. போகணும்னு அவருக்கு ஆசை இருக்கு, ஆனா இப்போ யாரும் அவரைக் கேக்கல.

எனக்காகத்தான் சொன்னார்னு நினைச்சு நான் அழ ஆரம்பிச்சேன். "உனக்காக இல்ல. பயத்தையும் வச்சுக்கிட்டு, அதை மறைக்கவும் செஞ்சுக்கிட்டு ஏற முடியல. ஒண்ணை இறக்கி வச்சேன், அவ்வளவுதான்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ சொன்னது எனக்கு இன்னும் வலிக்குது"ன்னார். நீ எழுதினது சரிதான் அக்கா, என் வாயிலிருந்துதான் கிளம்புச்சு. அதை அவர்கிட்ட நான் தீர்த்துக்கறேன். அதுக்காக நீ பண்ணினது குறைஞ்சு போகாது.

தங்கச்சி

ஜூலை 8

குட்டி,

உன் கடிதம் வந்த அன்னிக்கு மெஷின்ல உட்காரவே முடியல. ஸ்பானர் விழுந்த எடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். மாப்பிள்ளை ஆம்பளைடி. நான் ஊர் வாயை மூடப் பார்த்தேன், அவர் தன் வாயைத் திறந்தார்.

நீ போக வேண்டாம்னு சொன்னே, நான் எங்கேயும் போகல. ஆனா சூப்பர்வைசர் வீட்டம்மா தானாவே வந்தாங்க. "என்னமோ உங்க தங்கச்சிக்குக் கற்பனைன்னீங்க, கடைசியில நிஜமாமே"ன்னாங்க. கடையில ஆள் இருந்தாங்க. "அவ சொன்னது நிஜம். பொய் சொன்னது நான்"னு சொன்னேன். அவங்க தைக்கக் குடுத்த துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. போகட்டும். இப்போ அவங்க தெருவுல நான்தான் பொய்க்காரி. உனக்குப் பதிலா நான் வாங்கிக்கிட்டேன்னு நினைக்காதே, எனக்கு வர வேண்டியதுதான் வந்துச்சு.

பட்டன் அக்காவுக்கும் எனக்கும் வாய்த் தகராறு. "நாங்க என்ன ஒட்டுக் கேட்டோமா, நீதானே போட்டுக் காட்டினே"ன்னாங்க. நியாயம்தானே? மாஸ்டர் உன்னைப் பத்திப் பேச்சே எடுக்கறதில்ல. ஆனா மத்தியானம் ஒரு மணி ஆச்சுன்னா எல்லாரும் ஒரு தடவை பலகையைப் பார்க்கறாங்க. பழகின காது.

நான் இப்போ அந்த நேரத்துல மெஷினை நிறுத்திட்டு, ஃபோனைக் கையில எடுத்துக்கிட்டு, கடைக்கு வெளியே சைக்கிள் நிறுத்தற எடத்துல போய் நிக்கறேன். முழங்கால் வலிக்குது, இருந்தாலும் நிக்கறேன். நீ கூப்பிட மாட்டேன்னு தெரியும். எதிர்க்கடைக்காரர், "யாருக்காகம்மா தினமும் நிக்கறீங்க"ன்னு கேட்டார். காத்து வாங்கறேன்னேன்.

எனக்கு உன் கதை வேண்டாம். நீ எதுவுமே சொல்ல வேண்டாம். "சாப்பிட்டேன், தூங்கினேன்"னு சொல்லு போதும். உன் குரல் கேக்காம இந்தக் கடை எனக்கு நரகமா இருக்கு. நாலு வருஷமா நீ எனக்கு ஃபோன் பண்ணினேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தியா? நான்தான்டி அந்த ஒரு மணிக்காக உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். மாமா கப்பலேறிப் போனதிலிருந்து என்னைத் தேடிக் கூப்பிட்ட ஒரே ஆள் நீ. அந்தச் சந்தோஷத்தை எல்லாருக்கும் காட்டிக்கணும்னு எனக்கு ஒரு அல்ப ஆசை. "பார், என் தங்கச்சி என்கிட்ட எல்லாத்தையும் சொல்றா"ன்னு. அதுக்குத்தான் சத்தத்தைக் கூட்டி வச்சேன். கழுத்து வலியெல்லாம் பாதிக் காரணம்தான்.

இதை எழுதறதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு. திட்டறதா இருந்தாலும் எழுது.

அக்கா

ஜூலை 20

அக்கா,

திட்டல. திட்டித் தீர்ந்து போச்சு. கடைசியா நீ எழுதினதை நம்பறேன். நீ சத்தத்தைக் கூட்டினது எதுக்குன்னு இப்போ புரியுது. புரிஞ்சதால வலி குறையும்னு நினைச்சேன். குறையல. அது வேற, இது வேற போல.

எனக்கு உன் மேல பாசம் போகல. போயிருந்தா சுலபமா இருந்திருக்கும். பஸ்ல யாராவது உன்னை மாதிரி "அடியே"ன்னு கத்தினா திரும்பிப் பார்க்கறேன். ஆனா உன்கிட்ட வாயைத் திறக்க நினைச்சா, நாலு மெஷினும் நிக்கற மாதிரி காதுல கேக்குது. நீ சைக்கிள் பக்கத்துலதான் நிக்கறேன்னு தெரியும். இருந்தாலும் கேக்குது. அதை நான் ஒரு கட்டளை போட்டு நிறுத்த முடியாது.

அதனால யோசிச்சு ஒரு முடிவு பண்ணியிருக்கேன். கேட்டுக்கோ, வாதாடாதே.

இனிமே ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடறேன். உன் முழங்காலைப் பத்திக் கேக்கறேன். மாமா கப்பல் எங்கே நிக்குதுன்னு கேக்கறேன். அம்மா மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களான்னு பேசலாம். நீ சாப்பிட்டியான்னும் கேப்பேன், அதை நாலு வருஷமா நான் கேக்காதது நிஜம்தான். திரைக்கு இன்னும் வளையம் தைக்கணும், அதை எடுத்துக்கிட்டு கடைக்கும் ஒரு நாள் வருவேன். மாஸ்டருக்கு வணக்கம் சொல்வேன். அவர் எழுந்து நின்னா நிக்கட்டும்.

எங்க வீட்டுக்குள்ள நடக்கறது எதையும் சொல்ல மாட்டேன். நீ கேட்டா பேச்சை மாத்துவேன். ரெண்டாவது தடவை கேட்டா வச்சுடுவேன். இது தண்டனை இல்ல அக்கா. இப்படி இருந்தாத்தான் நான் ராத்திரி தூங்கறேன், காலையில எழுந்து ஒழுங்கா வேலைக்குப் போறேன். அவரும் இப்போ குழாயையும் கேஸையும் தாண்டி நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்கார். ஒண்ணைச் சொல்ல வாயெடுத்துட்டு என் முகத்தை ஒரு தடவை பார்த்துட்டுத்தான் சொல்றார். அந்தப் பார்வை போகிற வரைக்கும் நான் யார்கிட்டேயும் எதுவும் சொல்றதா இல்ல.

நேத்து காலையில எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுது. பயப்படாதே, நல்ல விஷயம்தான். ரொம்ப நல்ல விஷயம். தெரிஞ்ச நிமிஷம் அவரைக் கூப்பிடணும்னு தோணல, அம்மாவைக் கூப்பிடணும்னு தோணல. ஃபோனைக் கையில எடுத்து உன் பேர் வரைக்கும் போயிட்டேன். அப்படியே நின்னேன். வச்சுட்டேன். சாயங்காலம் அவர் வந்ததும் அவர்கிட்ட சொன்னேன், ரெண்டு பேரும் விளக்குகூடப் போடாம உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்கெல்லாம் தெரியும்போது உனக்கும் தெரியும்.

தங்கச்சி